புற்றுநோய் மருந்துக்கு வழிகாட்டிய ‘மெட்ராஸ்’ டாக்டர்: யார் இந்த சுப்பாராவ்?

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு யானைக்கால் நோய் மாத்திரை நினைவிருக்கலாம். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கொடுத்த ‘டிஇசி’ மாத்திரைதான் அது. அதைக் கண்டறிந்த அமெரிக்க ஆய்வுக் குழுவின் தலைவர், மெட்ராஸில் டாக்டருக்குப் படித்த யெல்லாப்பிரகடா சுப்பாராவ். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடிய கதையிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு.

மூணாவது முயற்சியில் பாஸ்

1895 ஜனவரி 12 அன்று, அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக்குலேஷனில் தேறியதே மூன்றாவது முயற்சியில்தான். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் கதர் உடையில் அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. விளைவு? எம்பிபிஎஸ் பட்டத்துக்குப் பதில், அதைவிடக் குறைவாக மதிக்கப்பட்ட எல்எம்எஸ்தான் கிடைத்தது.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா போனார். செலவுக்கு மருத்துவமனையில் இரவு வேலை பார்த்தபடியே ஹார்வர்டில் படிப்பு. 1925-ல் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளக்கும் முறையை உருவாக்கினார். பயோகெமிஸ்ட்ரி மாணவர்களுக்கு ‘ஃபிஸ்க்-சுப்பாராவ்’ என்ற பெயர் இன்றும் பரிச்சயம். செல்லுக்கு எரிசக்தி தரும் ஏடிபி மூலக்கூறை 1929-ல் கண்டறிந்தவர்களிலும் இந்த இருவரும் உண்டு. ஆனாலும் ஹார்வர்டில் நிரந்தர வேலை கிடைக்கல. 1940-ல் லெடர்லி மருந்து நிறுவனத்துக்கு மாறினார்.

போலிச் சாவி

செல்கள் டிஎன்ஏ தயாரிக்க ஃபோலிக் அமிலம் தேவை. சுப்பாராவின் குழு 1945-ல் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. ஆனால் அது ரத்தப் புற்றுநோயை வேகப்படுத்துவதாக பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால்?

அதற்கான மருந்துகளையும் லெடர்லி குழுதான் தயாரித்தது. பார்க்க ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். ஆனால் வேலைக்கு ஆகாது. பூட்டுக்குள் சிக்கிக்கொள்ளும் போலிச் சாவி போல, செல்லின் என்சைமை முடக்கிவிடும். டிஎன்ஏ தயாரிப்பு தடைபட, புற்று செல்கள் பெருக முடியாது.

அந்த வகை மருந்தான அமினோப்டெரினை, கடுமையாகப் பாதிக்கப்பட்ட 16 குழந்தைகளுக்கு ஃபார்பர் கொடுத்துப் பார்த்தார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. அது தற்காலிகம்தான்; ஆனால் மருந்துக்கு ரத்தப் புற்றுநோய் அடங்கும் என்ற நம்பிக்கை பிறந்தது. 1948 ஜூனில் முடிவுகள் வெளியாகின.

இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 8 அன்று சுப்பாராவ் காலமானார். வயது 53. கப்பல் ஏறிய பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. மனைவி இந்தியாவிலேயே இருந்தார்.

அமினோப்டெரினுக்கு அடுத்து வந்த மெத்தோட்ரெக்ஸேட், 1956-ல் கருப்பையில் உருவாகும் அரிய வகைப் புற்றுநோயைக் குணப்படுத்தியது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இன்றும் அந்த மருந்து இருக்கிறது. மூட்டுவாதத்துக்கும் டாக்டர்கள் அதை எழுதித் தருகிறார்கள். மருந்துச்சீட்டில் சுப்பாராவின் பெயர் இருக்காது. தன் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கும் இருந்ததில்லை.