சித்தூர் கோர்ட்டில் ராஜாஜி

ஒத்துழையாமை இயக்கத்துக்காக வக்கீல் தொழிலை உதறியவர் ராஜாஜி. ஆனாலும் 1925-ம் ஆண்டில் அவர் மறுபடியும் ஒரு கோர்ட்டில் ஏறி வாதாடினார். அது சித்தூர் கோர்ட்டு.

சித்தூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட பக்தர் ஒருவர், திருப்பதி வட்டாரத்துக் கோவிலுக்குள் சாமி கும்பிடப் போய்விட்டார். கோவிலைத் தீட்டுப்படுத்தியதாக வழக்கு வந்தது. இந்தியத் தண்டனைச் சட்டம் 295-வது பிரிவின்படி மாஜிஸ்திரேட்டு அபராதம் விதித்தார். சாமி கும்பிட்டதே குற்றமாகிவிட்டது!

அப்பீலில் ராஜாஜி துணைக்கு வந்தார். அந்தப் பிரிவின்படி தண்டிக்க வேண்டுமானால், மதத்தை அவமதிக்கும் எண்ணம் இருந்திருக்க வேண்டும். கும்பிடப் போனவருக்கு அந்த எண்ணம் ஏது? அவமதிப்பு நிரூபிக்கப்படவில்லை என்று பக்தர் விடுதலையானார். காந்தியடிகள் மகிழ்ந்தார். ஆனால் ஒருவர் தப்பினாரே தவிர, கோவில் கதவு திறக்கவில்லை.

ஓசூர் அருகே தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ந் தேதி பிறந்தவர் ராஜாஜி. சேலத்தில் பெயர் பெற்ற வக்கீல். 1921-ல் வேலூர்ச் சிறைக்குப் போனார். 1937-ல் சென்னை மாகாணப் பிரதமரானார். ஆலயப் பிரவேசம் செய்தவர்களுக்கும் அதற்கு உதவியவர்களுக்கும் 1939-ல் சட்டப் பாதுகாப்பு தந்தார்.

அதே ஆட்சிதான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்தவர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். காங்கிரஸ் முன்பு கண்டித்த கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தையே அவர்கள் மீது ஏவினார். அதிகாரம் கைக்கு வந்தால் எவரும் வரம்பு மீறக்கூடும் என்பதற்கு அவரும் விலக்கல்ல.

1952-ல் முதல்-மந்திரியானதும் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அரிசி வாங்க ரேஷன் கடையில் காத்துக் கிடந்த ஜனங்கள் நிம்மதி அடைந்தார்கள். 1959-ல், எண்பது வயதில், சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். எதற்கெடுத்தாலும் பர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று சர்க்காரிடம் கைகட்டி நிற்கும் நிலை கூடாது என்று ஊர் ஊராகப் பேசினார். 1972 டிசம்பர் 25-ந் தேதி மறைந்தார்.

அவர் வகித்த பதவிகள் பல, கவர்னர்-ஜெனரலாகவும் இருந்தார். ஆயினும் பதவி எதுவும் இல்லாமல், பெயர் தெரியாத ஓர் ஏழைக்காகச் சித்தூரில் நின்றாரே, அது பெரிது.