எவரெஸ்ட் துரையின் கூடாரம்

சர்வே கேம்ப் என்றதும் நம்ம சிவில் பிரிவு நண்பர்களுக்கு ஞாபகம் வருவது மூன்று: வெயில், கொசு, கேம்ப் சாப்பாடு. நானும் பத்து நாள் அனுபவித்தவன்தான். ஆனால் ஜார்ஜ் எவரெஸ்ட் கூடாரத்தில் பட்ட பாட்டைப் படித்த பிறகு, நம்ம பாடு வெறும் பிக்னிக் என்று தோன்றியது.

சிகரத்துக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். அதில் ஏறியவர் அல்ல. 1865ல் அந்தப் பெயரை வைத்தபோது அவர் இங்கிலாந்தில் ஓய்வில் இருந்தார். தன் பெயரை 'ஈவ்ரெஸ்ட்' என்றுதான் உச்சரிப்பாராம்!

1790 ஜூலை 4ல் பிறந்தவர், பதினாறு வயதில் பீரங்கிப் படைக்காக இந்தியா வந்தார். 1818ல் கர்னல் லாம்டனின் உதவியாளரானார். 1802ல் நம்ம பரங்கிமலைப் பக்கம் பேஸ்லைன் அளந்து, நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கியவர் லாம்டன்.

1819ல் கிருஷ்ணாவுக்கும் கோதாவரிக்கும் இடையிலுள்ள காடுகளை அளக்க எவரெஸ்டை அனுப்பினார்கள். போனது மழைக்காலத்தில். ஏன் அப்படி? கோடையில் தூசியும் கானலும் மூடிக்கொள்ளும், தூரத்து மலைக்கொடி தியோடலைட்டில் தெரியாது. மழை பெய்து ஓய்ந்தால்தான் காற்று கண்ணாடி மாதிரி இருக்கும். ஆக, கணக்கு சரியாக வர வேண்டுமானால் இடியிலும் மழையிலும் காட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். நனைந்த துணிக்கூடாரம், புழுக்கம், சேறு, பெருகி ஓடும் ஆறுகள், அப்புறம் காய்ச்சல்.

எவரெஸ்டோடு சுமார் 150 பேர் படுத்துவிட்டார்கள். ஹைதராபாத்திலிருந்து யானைகளும் பல்லக்குகளும் வந்துதான் தூக்கிப் போயின. சிலர் அதற்குள் இறந்துபோனார்கள். கொடி பிடித்தவர்கள், மரம் வெட்டியவர்கள், மூட்டை சுமந்தவர்கள்... நான் படித்த புத்தகத்தில் அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை, அதுதான் உறுத்துகிறது. கெட்ட காற்றால் வரும் நோய் என்று அன்று நம்பினார்கள். மலேரியாக் கிருமியை கொசுவின் உடலில் ரொனால்ட் ராஸ் கண்டது 1897ல், பக்கத்துச் செகந்திராபாத்தில்!

உடம்பு தேற 1820ல் நன்னம்பிக்கை முனைக்குப் போய்விட்டுத் திரும்பினார். 1823ல் லாம்டன் பயணத்தின் நடுவே ஹிங்கன்காட்டில் இறந்ததும், பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. கை கால் முடங்கிய நிலையிலும், இரண்டு பேர் தூக்கி உட்காரவைக்க, நட்சத்திரங்களைப் பார்த்து அளவெடுத்தார். மகா கோபக்கார ஆசாமி, கூட வேலை பார்த்தவர்கள் பாவம். ஆனாலும் பிடிவாதத்தை மெச்சத்தான் வேண்டும். 1825ல் சிகிச்சைக்காகச் சீமைக்குப் போய், 1830ல் சர்வேயர் ஜெனரலாக வந்தார்.

அவர் செய்த காரியத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது விளக்குதான். கொடிக்குப் பதில் பகலில் சூரிய ஒளியைத் திருப்பும் கண்ணாடி, இரவில் விளக்கு. இரவில் ஒளி வளைந்து வருவதால், பகலில் மறைந்திருக்கும் தூரத்துப் புள்ளியும் மேலெழுந்து தெரியும். இதனால் மழைக்காலக் காட்டை விட்டுவிட்டு, வறண்ட மாதங்களிலேயே வேலையை நடத்த முடிந்தது. குமரியில் தொடங்கி சுமார் 2,400 கிலோமீட்டர் நீண்ட அந்தக் கோடு, 1841ல் இமயமலை அடிவாரத்தில் முடிந்தது. அடுத்த இரண்டே வருடத்தில் வேலையை விட்டு ஊர் திரும்பினார்.