பழம்படைக்கலம் தொகுத்த ஃபூட் துரை

பண்டைக் காலத்துப் படைக்கலங்களைத் தேடித் தொகுக்கும் வேட்கை உலகின் பல நாடுகளிலும் காணப்படுவதொன்று. ஜப்பான் தேசத்தில் 1876-ஆம் ஆண்டில், பொதுவிடங்களில் வாள் தரித்துச் செல்லலாகாதென அரசாங்கத்தார் கட்டளை பிறப்பித்தனர். அதுகாறும் சாமுராய் வீரரின் இடையை விட்டகலாதிருந்த வாள்களும், அவர்தம் முன்னோர் பூண்ட கவசங்களும் அதன்பின் பெருவாரியாகத் தொகுப்போர் கையையும் காட்சிச்சாலைகளையும் சென்றடைந்தன. அவ்வாள்களை ஆராய்வோர் அலகின் ஒளியை மட்டும் கண்டு அமைவதில்லை. பிடியைக் கழற்றி, உள்ளே மறைந்துள்ள காம்பினையும் நோக்குவர். கொல்லன் தன் பெயரைப் பொறிப்பது அவ்விடத்தேயாம். காம்பிற் படிந்த துருவையும் அவர் தேய்த்து நீக்கார். வாளின் வயதினை உரைக்கும் சான்றுகளுள் அதுவும் ஒன்றாதலின்.

பெயர் பொறித்த வாள் தன் வரலாற்றைத் தானே கூறும். எழுத்தென்பதே தோன்றாத காலத்தில் மனிதன் செதுக்கிய கல்லாயுதத்திற்கு அத்தகைய காம்பு ஏது? பெயர்தான் ஏது? அது கிடந்த இடமே அதன் பெயர். அதனைப் போர்த்திருந்த மண்ணே அதன் சாசனம். இவ்வுண்மையை நம் நாட்டில் ஐம்பது ஆண்டளவாகத் தம் செயலாற் காட்டியவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் துரை அவர்கள்.

இவர் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இங்கிலாந்து தேசத்துச் செல்ட்டனம் நகரிற் பிறந்தார். இருபத்து நான்காம் பிராயத்தில், 1858-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், இந்திய நிலவியல் ஆய்வு இலாகாவில் அமர்ந்து சென்னை மாகாணத்தில் வேலை ஏற்றார். பாறைகளின் வகையும் மண்ணடுக்குகளின் முறையும் கண்டு எழுதுவதே இவருக்கு விதிக்கப்பட்ட தொழில். ஆயுதங்களைத் தேடுமாறு இவரை ஏவியவர் எவருமிலர்.

அக்காலத்தே ஐரோப்பாவில் ஒரு பெருவிவாதம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பிரான்சு தேசத்தில் சொம் ஆற்றுப் படுகையில், அழிந்தொழிந்த விலங்குகளின் எலும்புகளோடு கல்லாயுதங்களும் கிடைப்பதைப் பூஷே தெ பெர்த் என்பவர் நெடுநாளாக எடுத்துரைத்து வந்தார். கற்றோர் பலர் அதனை நம்பினாரில்லை. 1859-ஆம் ஆண்டில் பிரஸ்ட்விச், ஈவன்ஸ் என்னும் இருவர் நேரிற் சென்று கண்டு, அவர் கூற்று மெய்யென்று நிலைநாட்டினர். மனிதனது பழமை சில ஆயிரம் ஆண்டுகளில் அடங்குவதன்றென்னும் கருத்து அதனால் வலுப்பெற்றது. இச்செய்தி ஃபூட் துரையின் உள்ளத்தே ஆழப் பதிந்தது. சொம் ஆற்றங்கரையிற் கிடைப்பது நம் ஆற்றங்கரைகளில் ஏன் கிடைத்தலாகாது என்று எண்ணி, செல்லுமிடமெங்கும் கண்ணைத் தரையிற் பதித்தவராய் நடந்தார்.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், சென்னையை அடுத்த பல்லாவரத்தில், படைப்பயிற்சித் திடலின் பக்கத்திலிருந்த ஒரு சரளைக் குழியில், மனிதன் கையாற் செதுக்கப்பெற்ற கல்லொன்று இவர் கண்ணிற் பட்டது. வழிச்செல்வோர் ஆயிரவர் மிதித்திருக்கக்கூடிய கல் அது! அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் இவரும் இவருடன் பணியாற்றிய வில்லியம் கிங் என்பவரும் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்தை அடைந்தனர். அங்கே குவார்ட்சைட் என்னும் வன்கல்லிற் செய்த கைக்கோடரிகள் மிகுதியாகக் கிடைத்தன. இந்தியாவிலும் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பது இவற்றால் உறுதிப்பட்டது. 1866-ஆம் ஆண்டில் இவர் அவற்றைப் பற்றிய விரிவான கட்டுரையைச் சென்னையில் வெளியிட்டார்.

இக்கைக்கோடரிக்குக் காம்பில்லை. ஒருபுறம் கூர்த்தும் மறுபுறம் உள்ளங்கையில் அடங்குமாறு பருத்தும் இருக்கும். விலங்கின் ஊனை அறுக்கவும், கிழங்கு அகழவும், மரம் செதுக்கவும் ஒருங்கே பயன்பட்டிருக்கலாம். போர்க்கருவியையும் தொழிற்கருவியையும் நம் மொழி ஆயுதமென்ற ஒரே சொல்லால் வழங்குவது இதற்கு எத்துணைப் பொருத்தம்!

ஃபூட் துரைக்கும் தமிழுலகுக்கும் குடும்பத் தொடர்பும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டவருமாகிய பீட்டர் பெர்சிவல் ஐயரின் மகளையே இவர் மணந்தார். மாமனார் மக்கள் நாவிற் கிடந்த பழமொழிகளைத் தொகுத்தார். மருமகனார் மண்ணிற் கிடந்த பழம்பொருள்களைத் தொகுத்தார்.

நம் மதுரையும் இவர் ஆராய்ச்சிக்குப் புறம்பானதன்று. மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் நிலவியலைப் பற்றி இவர் எழுதிய நூல் 1883-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பின்னர் 1884, 1885-ஆம் ஆண்டுகளில் கர்நூல் பகுதியிலுள்ள பில்ல சுர்க்கம் குகைகளை இவரும் இவர் புதல்வரும் அகழ்ந்து, பண்டை விலங்குகளின் எலும்புகளை வெளிக்கொணர்ந்தனர். பல்லாரிப் பக்கத்துச் சாம்பல் மேடுகளைக் கண்டு, அவை கால்நடை வளர்த்தோர் எருவை எரித்ததனால் உண்டாயின என்றார். 1957-ஆம் ஆண்டில் உட்னூரில் நடந்த அகழாய்வு அவர் கருத்தையே அரண் செய்தது.

1891-ஆம் ஆண்டில் இவர் இலாகாவினின்றும் ஓய்வு பெற்றார். ஆயினும் தேடலினின்றும் ஓய்ந்தாரல்லர். பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் நிலவியற் பணி புரிந்தார். 1893-ஆம் ஆண்டில் குஜராத்தின் சபர்மதி ஆற்றங்கரையிலும் கல்லாயுதம் கண்டார். இவ்வாறு 400-க்கு மேற்பட்ட இடங்களிற் சேகரித்த கல், இரும்பு, மட்பாண்டப் பொருள்களெல்லாம் 1904-ஆம் ஆண்டிற் சென்னை அரசாங்கக் காட்சிச்சாலைக்கு உரியவாயின.

பொருள்களைக் கொடுத்ததோடு தம் கடன் முடிந்ததென அவர் எண்ணவில்லை. ஒவ்வொன்றையும் எண்ணிட்டு, இன்னது இன்ன கல்லால் ஆயது, இன்ன ஊரிற் கிடைத்தது என்று அட்டவணை வகுக்கலானார். முதுமையிலும் அப்பணியே அவர் பணியாயிற்று. அது நூலாக அச்சேறியதைக் காணுமுன்னரே, 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தாவில் உயிர் நீத்தார். அட்டவணை 1914-லும், அதன் குறிப்புரை 1916-லும் வெளிவந்தன. அவர் குடியிருந்த ஏற்காட்டில் பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அவருடைய நினைவுச்சின்னம் உள்ளது.

ஃபூட் துரையின் முடிபுகள் யாவும் நிலைத்தன என்று கூறுதல் மிகையாம். பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனிதரற்ற நீண்டதோர் இடைவெளி இருந்ததென அவர் கருதினார். நுண்கற் கருவிகள் பலவிடத்தும் ஆராயப்பெற்ற பின்னர் அக்கருத்து வீழ்ந்தது. ஆயின், அவர் எழுதிவைத்த ஊர்ப்பெயர்கள் வீழவில்லை. அப்பெயர்களைப் பற்றிக்கொண்டே பின்வந்தோர் அவ்விடங்களுக்கு மீண்டுஞ் சென்றனர். 1999-ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு அம்மையாரும் அவர் குழுவினரும் அத்திரம்பாக்கத்தை அகழ்ந்தனர். அவ்விடத்து ஆயுதங்களுட் பழையன ஏறக்குறைய 15 இலட்சம் ஆண்டுகட்கு முற்பட்டன என்று 2011-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். துரை அவர்கள் அக்கற்களை அழகு கருதி அள்ளிச்சென்று, ஊரை எழுதாது பேழையில் அடுக்கியிருப்பின், அவை இன்று ஊமைக் கற்களாகவே இருந்திருக்கும். கொள்கை தவறினும் குறிப்புத் தவறாதிருத்தலே தொகுப்போனுக்கு உரிய அறமாகும்.

இவ்வறம் மதுரைவாசிகளாகிய நமக்குத் தொலைவானதன்று. வைகைக் கரையில், நம் நகருக்குத் தென்கிழக்கே உள்ள கீழடியில், 2015-ஆம் ஆண்டில் தொடங்கிய அகழாய்வு உலகறிந்தது. அங்கே கிடைத்த பானையோட்டில் எழுத்திருப்பது சிறப்பு. அவ்வோடு எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு கிடந்தது என்று குறித்து வைத்திருப்பது அதனினும் சிறப்பு. நம் ஊர்ப்புறங்களிற் கண்மாய்க் கரையிலும், வீடு கட்டத் தோண்டும் வானத்திலும், சாலைக்குக் கொட்டும் சரளையிலும் பழம்பொருள் வெளிப்படுதல் அரிதன்று. அதனைக் காண்போர் ஆசையால் எடுத்து மறைத்தலும், அறியாமையால் எறிந்துவிடுதலும் பயனால் ஒன்றே. கண்டதைக் கண்டவிடத்தே விட்டு, ஊரும் நாளும் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறையினருக்கு அறிவித்தல் வேண்டும். அதற்குப் பெருங்கல்வி வேண்டுவதின்று. ஒரு பென்சிலும், சிறிது பொறுமையும் போதும். கடல் கடந்து வந்த ஒருவர் நம் மண்ணுக்குக் காட்டிய அத்துணை மதிப்பையேனும், அம்மண்ணிற் பிறந்த நாம் காட்டுதல் கடனன்றோ!