பெண்ணுரிமைக்கு வாதாடிய மேரி

இரவு நேரம். தாயின் படுக்கை அறை வாசலில் ஒரு சிறுமி படுத்துக் கிடப்பாள். தகப்பன் குடித்துவிட்டு வருவான். வந்ததும் தாயை அடிப்பான். அதைத் தடுப்பதற்காகவே அவள் அங்கே காவல் கிடந்தாள்.

அந்தச் சிறுமியின் பெயர் மேரி உல்ஸ்டன்கிராப்ட். பெண்ணுக்கும் உரிமை உண்டு என்று வாதாடி, உலகப் புகழ் பெற்ற நூல் ஒன்றை எழுதியவர் இவரே.

கரைந்த சொத்து

இங்கிலாந்து நாட்டின் தலைநகரான லண்டனில், 1759-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி மேரி பிறந்தார். வீட்டில் மொத்தம் ஏழு குழந்தைகள். மேரி இரண்டாவது குழந்தை.

பாட்டனார் பட்டு நெசவுத் தொழிலில் பொருள் சேர்த்தவர். தகப்பனாருக்கோ பண்ணையார் போல வாழ ஆசை. ஊர் ஊராகக் குடியேறி விவசாயம் செய்தார். போன இடமெல்லாம் நஷ்டம். பணம் குறையக் குறையக் குடி பெருகியது.

பாட்டனார் இறந்தபோது, மூத்த பேரனுக்குச் சொத்தில் பங்கு கிடைத்தது. மேரிக்கு ஒன்றும் இல்லை. அண்ணன் வக்கீல் ஆனான். மேரி பெரும்பாலும் தானாகவே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

தங்கையின் துயரம்

அந்தக் காலத்து ஆங்கிலச் சட்டத்தில், மணமான பெண்ணின் பணமும் பண்டமும் கணவனுக்கே போய்ச் சேர்ந்தன. அவள் உழைத்துச் சம்பாதித்த கூலியும் கணவனுடையதுதான். பெற்ற குழந்தை மீதும் தாய்க்கு உரிமை கிடையாது.

இந்தச் சட்டத்தின் கொடுமையை மேரி தம் வீட்டிலேயே கண்டார்.

அவருடைய தங்கை எலிசாவுக்குக் குழந்தை பிறந்தது. அதன் பின் அவள் மனம் கலங்கிப் போனாள். கணவனோடு வாழ முடியாது என்று அழுதாள். 1784-ம் ஆண்டில், மேரி அவளை யாருக்கும் தெரியாமல் வெளியே அழைத்து வந்துவிட்டார். குழந்தையைக் கொண்டு வர முடியவில்லை. ஒரு வயது நிறையுமுன் அந்தக் குழந்தை இறந்துவிட்டது.

பள்ளிக்கூடமும் பேனாவும்

சகோதரிகளுக்குப் பிழைக்க வழி வேண்டுமே! லண்டனை அடுத்த நியூவிங்டன் கிரீன் என்ற இடத்தில் மேரி பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தினார். மக்களாட்சியில் நம்பிக்கை கொண்ட அறிஞர்கள் பலர் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள். ரிச்சர்டு பிரைஸ் என்ற பாதிரியார் அவர்களில் முக்கியமானவர். அவருடைய பேச்சை மேரி ஆவலோடு கேட்டார்.

பள்ளிக்கூடம் நிலைக்கவில்லை. பிறகு அயர்லாந்தில் ஒரு பிரபு வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குப் போனார். அதுவும் ஓராண்டு கூட நீடிக்கவில்லை.

1787-ம் ஆண்டில் லண்டனுக்குத் திரும்பினார். எழுதியே பிழைப்பது என்று துணிந்தார். ஜோசப் ஜான்சன் என்ற பதிப்பாளர் கை கொடுத்தார். மொழிபெயர்ப்பு, புத்தக விமர்சனம் என்று மேரி ஓயாமல் எழுதினார். ஒரு பெண் பேனாவை நம்பி வாழ்வது அந்நாளில் அபூர்வம்.

புரட்சி பிறந்தது

1789-ம் ஆண்டில் பிரான்சில் பெரும் புரட்சி வெடித்தது. மனிதர் எல்லோரும் பிறப்பால் சமம் என்று பிரகடனம் செய்தார்கள்.

ஆங்கில அரசியல்வாதி எட்மண்டு பர்க், அந்தப் புரட்சியைத் தாக்கி 1790-ம் ஆண்டு நவம்பரில் ஒரு நூல் வெளியிட்டார். அதே மாதத்திலேயே மேரியின் பதில் நூல் வந்துவிட்டது. முதல் பதிப்பில் பெயர் இல்லை. மறு பதிப்பில் மேரியின் பெயர் இருந்தது. இதை எழுதியது ஒரு பெண்ணா என்று ஊரே வியந்தது.

ஆனால் மேரிக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. 1791-ம் ஆண்டில் பிரான்சில் புதிய அரசியல் சட்டம் வந்தது. வரி கட்டும் ஆண்களுக்கு ஓட்டு கிடைத்தது. பெண்களுக்குக் கிடைக்கவில்லை. தாலிராண்ட் என்ற தலைவர் கல்வித் திட்டம் ஒன்றும் வகுத்தார். அதன்படி பெண் குழந்தைகளுக்கு எட்டு வயது வரைதான் பொதுப் பள்ளி. அதற்கு மேல் வீட்டு வேலை பழகினால் போதுமாம்!

மேரியின் மனம் கொதித்தது. ஏறக்குறைய ஆறே வாரத்தில் ஒரு நூலை எழுதி முடித்தார். பெண்ணின் உரிமைகளுக்காக வாதாடும் அந்த நூல் 1792-ம் ஆண்டில் வெளிவந்தது. அதைத் தாலிராண்டுக்கே காணிக்கை ஆக்கினார்!

நூல் சொன்னது என்ன?

மனிதனை மிருகத்திலிருந்து பிரிப்பது பகுத்தறிவு. அது ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அறிவு பொது என்றால் உரிமையும் பொதுதானே? இதுதான் மேரியின் வாதத்துக்கு அடிப்படை.

மக்களே நாட்டுக்கு அதிபதி என்று எழுதிய பிரெஞ்சு அறிஞர் ரூசோ, பெண்ணை ஆணின் மனம் மகிழ வளர்க்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். மேரி அதை வரிக்கு வரி மறுத்தார். பெண்கள் அலங்காரத்தில் மயங்குகிறார்கள், ஆழ்ந்து சிந்திப்பதில்லை என்று குறை சொல்கிறார்களே, அவர்களுக்கு வேறு எதைக் கற்றுக் கொடுத்தார்கள்? காலைக் கட்டிப் போட்டுவிட்டு நொண்டி என்று பழிக்கலாமா?

பிறந்த குலத்தைக் காட்டி மன்னன் நாட்டை ஆளக் கூடாது என்கிறோம். அப்படியானால், ஆணாகப் பிறந்ததைக் காட்டிக் கணவன் மனைவியை அடக்கி ஆளலாமா? வீட்டில் அடிமையாக இருப்பவள், நாட்டுக்கு நல்ல குடிமக்களை எப்படி வளர்ப்பாள்?

குறை சொன்னதோடு மேரி நிற்கவில்லை. வழியும் சொன்னார். அரசாங்கமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். ஆணும் பெண்ணும் ஒன்றாகப் படிக்க வேண்டும். ஒன்பது வயது வரை, ஏழை பணக்காரன் வேற்றுமை இன்றி எல்லோருக்கும் இலவசக் கல்வி. பெண்கள் மருத்துவம் படிக்கலாம், வியாபாரம் செய்யலாம், பண்ணை நடத்தலாம். சொந்தக் காலில் நிற்கும் பெண்ணே நல்ல மனைவியாகவும் நல்ல தாயாகவும் இருக்க முடியும்.

இன்னொன்றும் சொன்னார். ஆட்சி மன்றத்தில் பெண்களுக்கும் பிரதிநிதிகள் வேண்டும் என்றார். படிப்பவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்தே எழுதினார். உழைத்து வரி கட்டும் ஏழைத் தொழிலாளிக்கும் அப்போது ஓட்டு இல்லை என்பதையும் சேர்த்தே சுட்டிக் காட்டினார்.

ரத்தம் சிந்திய பாரிஸ்

1792-ம் ஆண்டின் இறுதியில் மேரி பாரிசுக்குச் சென்றார். விசாரணைக்குக் கொண்டு செல்லப்பட்ட மன்னர் லூயியைத் தம் ஜன்னலிலிருந்து பார்த்தார். அடுத்த மாதம் மன்னர் தலை உருண்டது. மேரிக்குத் தெரிந்த தலைவர்களும் பிறகு கொல்லப்பட்டார்கள். 1793-ம் ஆண்டில் பெண்களின் அரசியல் சங்கங்களுக்குத் தடை விதித்தார்கள். பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் டி கூஜ் என்ற பெண்ணின் தலையும் கில்லட்டினில் வெட்டப்பட்டது.

பாரிசில் கில்பர்ட் இம்லே என்ற அமெரிக்கரை மேரி காதலித்தார். சட்டப்படி திருமணம் நடக்கவில்லை. 1794-ம் ஆண்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இம்லே கைவிட்டு விட்டார். துயரம் தாங்காத மேரி இரண்டு முறை உயிரை விடத் துணிந்தார். இரண்டு முறையும் காப்பாற்றப்பட்டார்.

மீண்டும் பேனாவை எடுத்தார். கைக்குழந்தையோடு சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளுக்குச் சென்று வந்ததைப் புத்தகமாக வெளியிட்டார்.

1797-ம் ஆண்டு மார்ச்சில் எழுத்தாளர் வில்லியம் காட்வினை மணந்தார். அந்த நல்வாழ்வு ஆறு மாதம் கூட நிலைக்கவில்லை. ஆகஸ்டு 30-ந் தேதி ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். பிரசவக் காய்ச்சல் கண்டது. செப்டம்பர் 10-ந் தேதி மேரி காலமானார். அப்போது அவருக்கு வயது 38.

அந்தக் குழந்தைதான், பிராங்கன்ஸ்டைன் என்ற நாவலை எழுதிய மேரி ஷெல்லி.

பழி வந்தது

மனைவி மீது கொண்ட அன்பினால், காட்வின் அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1798-ம் ஆண்டில் வெளியிட்டார். எதையும் மறைக்கவில்லை. அதுவே வினையாயிற்று. எதிரிகள் மேரியின் வாழ்க்கையைக் காட்டி அவருடைய நூலைத் தூற்றினார்கள். அவர் வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய வேலை அவர்களுக்கு மிச்சமாயிற்று. பெண்ணுரிமை பேசியவர்களே மேரியின் பெயரைச் சொல்ல நெடுங்காலம் தயங்கினார்கள்.

ஆனாலும் அவர் கேட்டவை ஒவ்வொன்றாக வந்தன. 1882-ம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் மணமான பெண்ணின் சொத்தை அவளுக்கே உரியதாக்கியது. 1891-ம் ஆண்டில், ஓட்டுரிமைப் போராட்டத் தலைவி மில்லிசென்ட் பாசெட், மேரியின் நூலுக்கு முன்னுரை எழுதி மறுபடி மக்கள் முன் வைத்தார். 1918-ம் ஆண்டில் 30 வயதான பெண்களில் பலருக்கு ஓட்டு வந்தது. 1928-ம் ஆண்டில் ஆண்களுக்குச் சமமான ஓட்டுரிமை எல்லாப் பெண்களுக்கும் கிடைத்தது. புரட்சி நடந்த பிரான்சில் பெண்களுக்கு ஓட்டு கிடைக்க 1944-ம் ஆண்டு வரை ஆயிற்று.

சிரிப்பார்கள் என்று தெரிந்தே மேரி எழுதி வைத்தது, அவர் நாட்டிலேயே முழுமையாக நிறைவேற 136 ஆண்டுகள் பிடித்தன.