மலையும் மயானமும் கற்பித்த அமைதி: ஸ்ரீமத் ராஜசந்திரரின் வாழ்க்கை

குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில், மோர்பி நகரைச் சார்ந்து, கட்ச் வளைகுடாவை ஒட்டி அமைந்த சிற்றூர் வவாணியா. அவ்வூரில் 1867-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள், கார்த்திகப் பௌர்ணமியன்று, ராவ்ஜிபாய், தேவபா தம்பதியருக்கு மகனாகத் தோன்றியவர் ஸ்ரீமத் ராஜசந்திரர். மழைக்கால நான்கு மாதங்கள் ஓரிடத்தில் தங்கி நோன்பு காத்த முனிவர்கள் சாதுர்மாசத்தை நிறைவுசெய்து, மீண்டும் நடைப்பயணம் மேற்கொள்ளும் புனித நாள் அது. அவருடைய பாட்டனார் கண்ணபிரானிடம் பக்தி பூண்டவர். தாயார் ஜைன நெறியில் வளர்ந்தவர். இரு மரபுகளின் நறுமணமும் கலந்த இல்லத்தில் அவரது இளமை கழிந்தது.

அவர் இவ்வுலகில் வாழ்ந்த காலம் 33 ஆண்டுகளும் 5 மாதங்களுமே. அண்ணல் காந்தியடிகளின் ஆன்மிக வழிகாட்டி என்றும், ஆத்மசித்தி சாஸ்திரத்தை அருளியவர் என்றும், வியத்தகு நினைவாற்றல் படைத்தவர் என்றும் உலகம் அவரைப் போற்றுகிறது. உற்றாரை இழந்தும் உடல் நலிந்தும் வருந்துவோருக்கு அவர் வாழ்வு வழங்கும் ஆறுதலோ இவை அனைத்தினும் அரியது.

கருவேல மரத்தின்மீது ஒரு சிறுவர்

அவருக்கு ஏழு வயது நடந்துகொண்டிருந்தபோது, அவர்மீது மிகுந்த அன்பு செலுத்திய அமீசந்த் என்னும் உள்ளூர்ப் பெரியவர் பாம்பு தீண்டி உயிர் நீத்தார். இறப்பு என்றால் என்னவென்று அறியாத சிறுவர், பாட்டனாரிடம் சென்று அதன் பொருளைக் கேட்டார். குழந்தை அஞ்சிவிடுமே என்று பாட்டனார் முதலில் பேச்சை மாற்ற முயன்றார். சிறுவரோ விடவில்லை. அமீசந்தின் உயிர் உடலை விட்டுப் போய்விட்டது, இனி அவ்வுடல் அசையாது, பேசாது, உண்ணாது, ஆகவே ஊர்க்குளத்தருகே கொண்டுபோய் எரித்துவிடுவார்கள் என்று பாட்டனார் விளக்கினார்.

சிறுவர் வீட்டார் அறியாமல் குளக்கரைக்குச் சென்றார். அங்கிருந்த கருவேல மரத்தின்மீது ஏறி அமர்ந்து நோக்கினார். சிதை மூண்டு எரிந்தது. நேற்றுவரை தம்மைக் கொஞ்சிப் பேசிய நல்லவரை, அவருக்கு வேண்டியவர்களே சுற்றி நின்று எரிப்பது ஏன் என்ற கேள்வி அவர் உள்ளத்தைக் குடைந்தது. எரிவது உடல் என்றால், பேசியது எது? அது எங்கே போயிற்று? அச்சிந்தனையில் ஆழ்ந்திருந்தபோதே அறிவை மூடியிருந்த திரை விலகி, முற்பிறவிகளின் நினைவு அவருக்கு எழுந்தது என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பின்னாளில் ஜூனாகட் கோட்டையைக் கண்டபோது அந்நினைவு மேலும் தெளிவுற்றது என்பர்.

தம் வாழ்வின் முதல் துயரத்தை அவர் நேர்கொண்ட இடம், திறந்த வானத்தின் கீழ், நீர்நிலையின் அருகே, ஒரு மரத்தின் கிளை. இறப்பைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உற்று நோக்கிய அந்தப் பார்வையே அவர் பிற்காலத்தில் மேற்கொண்ட சாதனை அனைத்துக்கும் வித்தாயிற்று.

புகழைத் துறந்த இளைஞர்

பதினாறாம் வயதில் மோட்சமாலை என்னும் நூலை இயற்றினார். அடுத்து எழுதிய பாவனாபோதத்தில், நிலையாமை, சரணின்மை முதலான பன்னிரண்டு பாவனைகளின் பெருமையை எடுத்துரைத்தார். செல்வமும் இளமையும் உறவும் நிலைப்பன அல்ல என்பதையும், பிணியும் சாவும் வரும் வேளையில் பிறர் எவரும் உயிருக்குக் காவலாக மாட்டார் என்பதையும் இடைவிடாது எண்ணிப் பார்ப்பதே அப்பாவனைகளின் நோக்கம். இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர் இப்பொருள் குறித்து எழுதினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

1887-ஆம் ஆண்டு மும்பையில் பேரவையின் முன் நூறு அவதானங்களை நிகழ்த்திக் காட்டினார். நகரமே வியந்தது, பொற்பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. மும்பை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த சர் சார்லஸ் சார்ஜெண்ட், ஐரோப்பா சென்று இவ்வாற்றலைக் காட்டுமாறு அழைத்தார். அந்நாடுகளில் ஜைன ஒழுக்கத்தைப் பேணி வாழ்வது இயலாதென்று ராஜசந்திரர் மறுத்தார். சிறிது காலத்திலேயே அவதான நிகழ்ச்சிகளையும் அறவே நிறுத்திவிட்டார். கைதட்டலின் இன்பம் ஆன்மாவின் நாட்டத்துக்கு இடையூறு என்பதை அவர் விரைவில் உணர்ந்துகொண்டார்.

1888-இல் ஜபக்பென் அம்மையாரை மணந்தார். மும்பையில் ரேவாசங்கர் ஜகஜீவன் என்பாருடன் கூட்டாக முத்து, வைர வாணிகம் நடத்தினார். நான்கு மக்களுக்குத் தந்தையானார். இலட்சக்கணக்கில் நடைபெறும் பேரம் முடிந்தவுடன் அவர் கை அருகிலிருந்த அறநூலையோ குறிப்பேட்டையோ நாடும். இல்லறத்தில் இருந்துகொண்டே துறவை நாடிய அந்த உள்ளத்தின் போராட்டம் அவரது கடிதங்களிலும் குறிப்புகளிலும் பரவிக் கிடக்கிறது.

இழப்பின் கடுமை

மோட்சமாலையை அச்சிடும் பொருட்டு அகமதாபாத் சென்றபோது ஜூட்டாபாய் என்னும் இளைஞரின் நட்பு அவருக்கு வாய்த்தது. ராஜசந்திரரின் உள்ளத்தை முதன்முதலில் அறிந்துகொண்டவர் அவரே. ஏறத்தாழ ஒத்த வயதினர். ஆயினும் ஜூட்டாபாயின் உடல் நோயால் நலிந்தது; 1890-ஆம் ஆண்டில், 23 வயதளவில், அவர் மறைந்தார். தம் ஆன்மிகத் தோழரின் பிரிவு ராஜசந்திரரை வருத்தியது. அவருடைய நற்பண்புகளை நினைவுகூர்ந்து எழுதினார், எஞ்சியிருந்தோரைத் தேற்றினார். உடலின் உறவு கலைந்தாலும், அவ்வுயிர் பெற்ற நற்காட்சி கலைவதில்லை என்பதே அவர் கண்ட ஆறுதல்.

அதே ஆண்டுகளில் சாயலா ஊரைச் சேர்ந்த சௌபாக்பாய் அவரை நாடி வந்தார். அவர் ராஜசந்திரரைவிட நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவர். வயதில் தந்தைக்கும் மூத்த நிலையினர், தத்துவத்தில் மாணாக்கர். இருவரும் கொண்ட அன்பின் ஆழத்தை, அவருக்கு எழுதப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் காட்டுகின்றன. ஆன்ம தத்துவத்தை உரைநடையில் நினைவில் வைப்பது கடினமாயிருக்கிறது, பாடலாக அருள வேண்டும் என்று அப்பெரியவர் வேண்டினார். அதன் பயனாக 1896-ஆம் ஆண்டு நடியாதில், கம்பாத் அம்பாலால் என்னும் அடியவர் விளக்கேந்தி நிற்க, ஒரே அமர்வில் 142 பாக்களைக் கொண்ட ஆத்மசித்தி சாஸ்திரம் பிறந்தது. ஆன்மா உண்டு, அது அழிவற்றது, வினைகளைச் செய்வது அது, அவற்றின் பயனைத் துய்ப்பதும் அது, வீடுபேறு உண்டு, அதை அடையும் வழியும் உண்டு என்னும் ஆறு உண்மைகளை அந்நூல் நிறுவுகிறது.

மறு ஆண்டு, 1897-இல், சௌபாக்பாயின் உடல்நிலை தளர்ந்தது. ராஜசந்திரர் அவரைத் தம்முடன் ஈடர் மலைப்பகுதிக்கு அழைத்துச் சென்று சில நாள்கள் உடன் தங்கச் செய்தார். முதுமையும் பிணியும் சூழ்ந்த அன்பருக்கு மருந்தினும் மலைத் தனிமையும் ஆன்மச் சிந்தனையுமே துணையாகும் என்று கருதினார் போலும். ஊர் திரும்பிய சில வாரங்களில் சௌபாக்பாய் உயிர் நீத்தார். இறுதிவரை உடல் வேறு, உயிர் வேறு என்னும் தெளிவில் அவர் நிலைத்திருந்தார் என்பதைத் தொண்டர்கள் இன்றும் போற்றுகின்றனர்.

வனத்தை நாடிய வணிகர்

மும்பையின் வாணிக இரைச்சலினின்று ஆண்டுதோறும் சில வாரங்களோ மாதங்களோ விலகிச் செல்வதை ராஜசந்திரர் வழக்கமாகக் கொண்டார். 1891-இல் பர்யூஷண காலத்தைக் கம்பாத்துக்கு அருகிலுள்ள ராலஜ் என்னும் சிற்றூரில் கழித்தார். பின்னர்க் காவிதா, வஸோ, உத்தரசண்டா, கேடா முதலிய இடங்களில் தங்கினார். ஊருக்குப் புறத்தே தோட்டங்களிலும் வயல்வெளிகளிலும் உலவுவார்; மரநிழலில் அமர்வார். உணவு மிகச் சிறிது, உடை எளியது. உத்தரசண்டாவில் கொசுக்கள் மொய்த்த இடத்திலும் உடலைப் பொருட்படுத்தாது தியானத்தில் அமர்ந்திருந்தார்.

ஈடர் மலை இவற்றுள் தலைசிறந்தது. அவருடைய உறவினரான டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா ஈடர் சமஸ்தானத்தின் தலைமை மருத்துவராயிருந்தமையால் அங்குத் தங்குவதற்கு வாய்ப்பு ஏற்பட்டது. பகற்பொழுதில் தனியே குன்றுகளுக்குச் சென்றுவிடுவார். ஒருமுறை லல்லுஜி முதலான எழுவர் முனிவர்கள் அங்கு வந்து கூடினர். மாமர நிழலிலும் பாறைகளின்மீதும் அமர்ந்து, ஆசாரியர் நேமிசந்திரர் அருளிய திரவிய சங்கிரகத்தை அவர்களுக்கு ஓதி விளக்கினார். இந்த லல்லுஜி முனிவரும் இளமையில் கடும்பிணிக்கு ஆளாகி, அப்பிணியின் வாயிலாகவே துறவெண்ணம் பெற்றவர் என்பது கருதத்தக்கது.

ஜைன நெறியினருக்கு இயற்கை வெறும் கண்ணுக்கினிய காட்சி ஆகாது. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகியவற்றை உடலாகக் கொண்டு ஓரறிவுயிர்கள் வாழ்கின்றன என்பது நம் ஆகமங்களின் கொள்கை. மரத்தடியில் அமர்பவர், தம்மைப்போலவே வினைவயத்தால் உடலெடுத்துள்ள எண்ணற்ற உயிர்களிடையே அமர்கிறார். அவ்வுணர்வு மேலோங்கும்போது, என் துயரம் என்னும் குறுகிய வட்டம் விரிந்து, எல்லா உயிர்களின்மீதும் கருணையாக மலர்கிறது. பாறையின் அசைவின்மை தியானத்துக்கு ஆசானாகிறது. உதிரும் இலை நிலையாமையைப் பாடஞ்சொல்கிறது.

ஆயினும் அவர் மலையிலேயே தங்கிவிடவில்லை. ஒவ்வொரு முறையும் கடைக்கும் குடும்பத்துக்கும் திரும்பினார். தனிமையில் பெற்ற அமைதி சந்தை நடுவிலும் நிலைக்கிறதா என்று தம்மைத் தாமே சோதித்துக்கொண்டார். வவாணியாவில் அவர் இயற்றிய அபூர்வ அவசர் என்னும் பாடல், மலையிலும் மயானத்திலும் அச்சமின்றித் தனித்துத் திரியும் நிர்க்கிரந்த முனிவரின் நிலை தமக்கு என்று வாய்க்குமோ என்ற ஏக்கத்தை வெளியிடுவது. காந்தியடிகள் தம் ஆசிரமப் பிரார்த்தனைப் பாடல்களில் இதனையும் சேர்த்துக்கொண்டார்.

தாயை இழந்து வந்தவருக்குத் துணை

1891 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து சட்டம் பயின்று மும்பை வந்து இறங்கினார் காந்தியடிகள். தாம் இல்லாதபோது அன்னை புத்லிபாய் மறைந்துவிட்ட செய்தி அவருக்குக் கரை சேர்ந்த பின்னரே தெரிவிக்கப்பட்டது. அத்துயரோடு டாக்டர் மேத்தாவின் இல்லத்தில் தங்கியபோதுதான் ராஜசந்திரரின் அறிமுகம் கிட்டியது. இருவருக்கும் வயது வேறுபாடு இரண்டாண்டளவே. பின்னர் 1894-இல் தென்னாப்பிரிக்காவில் சமய ஐயங்களால் அலைப்புண்டபோது, காந்தியடிகள் 27 வினாக்களை எழுதியனுப்பினார். ராஜசந்திரர் பொறுமையுடன் விடையளித்து அவர் மனக்கலக்கத்தைத் தணித்தார். தம் வாழ்வை உருவாக்கிய பெரியோருள் டால்ஸ்டாய், ரஸ்கின் ஆகியோருடன் இவரையும் காந்தியடிகள் குறிப்பிட்டுள்ளார்.

பிணியின் சோதனை

பிறருக்குத் தேறுதல் கூறுவது எளிது. தம் உடலே தளரும்போது அத்தேறுதல் நிலைநிற்குமா என்பதே உண்மையான சோதனை. குஜராத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய 1900-ஆம் ஆண்டில் அச்சோதனை அவரை வந்தடைந்தது. செரிமானம் கெட்டு உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. தர்மபூரின் காட்டுப்பகுதி, அகமதாபாத், வட்வாண், வல்சாட் அருகே தீதல் கடற்கரை என்று, நல்ல காற்றை நாடி அவரை இடம்விட்டு இடம் அழைத்துச் சென்றனர். அந்நிலையிலும் தர்மபூரில் மயானத்தருகே தனித்துத் தியானம் செய்தார். வட்வாணில் எடுக்கப்பட்ட அவரது நிழற்படங்களை நாம் இன்றும் பல இல்லங்களில் காண்கிறோம். பத்மாசனத்தில் அமர்ந்தும் காயோத்சர்க்க நிலையில் நின்றும் காட்சி தரும் அவ்வுருவில் விலா எலும்புகளை எண்ணிவிடலாம், கண்களிலோ சலனமில்லை.

அவ்வாண்டிலேயே ஜைன நூல்களை வெளியிடும் பொருட்டுப் பரமசுருத பிரபாவக மண்டலத்தை நிறுவினார். பொருளையும் இல்லற இன்பத்தையும் முற்றும் துறந்தார். முழுத்துறவு மேற்கொள்ள அன்னையின் இசைவை வேண்டினார். நோயுற்ற மகனைத் தவக்கோலத்தில் அனுப்பத் தாயுள்ளம் இடந்தரவில்லை. உடல் தேறட்டும் என்று காத்திருந்தார். உடல் தேறவில்லை. வாழ்நாள் முழுதும் ஏங்கிய முனிவர் கோலம் அவருக்கு வாய்க்கவேயில்லை. இருந்தும் தாயை நொந்துகொள்ளவோ விதியைப் பழிக்கவோ அவர் துணியவில்லை. மலைகள் எட்டாமற்போயின, நடக்க வலிமையில்லை. மலையில் பயின்ற அமைதி மட்டும் படுக்கையருகே உடனிருந்தது.

இறுதி நாள்கள் ராஜ்கோட்டில் கழிந்தன. மறைவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்களுக்கு முன்னர், யோகியர் விரும்பும் முடிவற்ற இன்பம் தன் தூய ஆன்ம நிலையே என்னும் பொருளில் இறுதிப் பாடலை அருளினார். தம்பி மன்சுக்பாயிடம் அன்னையைப் பேணிக் காக்குமாறு கூறினார். வருந்த வேண்டாமெனத் தேற்றினார். 1901 ஏப்ரல் 9-ஆம் நாள் பிற்பகலில், சமாதி நிலையில் அமைதியாக உடல் நீத்தார்.

பகவான் மகாவீரரின் பிறந்த திதி கழிந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் அவரது நினைவு நாள் ஆண்டுதோறும் வருகிறது. லல்லுஜி முனிவரின் அருளால் 1920-இல் அகாஸில் தோன்றிய ஆசிரமமும், ஈடர் குன்றும், ராஜ்கோட் சமாதி மந்திரமும் இன்றும் துயருற்றோரை வரவேற்கின்றன. அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்க்கும் குறையில்லை. வீட்டு முற்றத்து மரத்தடியிலோ, நோயுற்றோர் சாளரத்தருகிலோ ஒரு முகூர்த்த நேரம் சாமாயிகத்தில் அமர்ந்து, நீங்கிப்போவது எது, நிலைத்திருப்பது எது என்று சிந்திக்கலாம். கருவேல மரத்தின்மீது அமர்ந்திருந்த அச்சிறுவர் தம்மைத் தாமே கேட்டுக்கொண்ட கேள்வியும் அதுவே.