பிறந்தவுடன் மார்க் போட்ட டாக்டர் அம்மாள்!

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மார்க் வாங்குவது எல்லோருக்கும் தெரியும். பிறந்து ஒரு நிமிடமே ஆன குழந்தைக்கு மார்க் உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

உலகம் எங்கும் ஆஸ்பத்திரிகளில் அப்படி மார்க் போடுகிறார்கள். அதற்கு வழி வகுத்தவர் அமெரிக்கப் பெண்மணியான டாக்டர் வர்ஜீனியா அப்கார்.

அடைபட்ட கதவு

அப்கார் 1909-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள வெஸ்ட்பீல்டு என்ற ஊரில் பிறந்தார். 1933-ல் நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ரணசிகிச்சை நிபுணர் ஆகவேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் அந்தத் தொழிலில் பெண்கள் பிழைக்க முடியாது என்று அவருடைய பேராசிரியர் எடுத்துச் சொன்னார். அப்கார் மனம் தளரவில்லை. மயக்க மருந்து கொடுக்கும் துறைக்கு மாறினார். 1949-ல் அந்த மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் பேராசிரியர் ஆனார்.

ஐந்து கேள்விகள்

அந்தக் காலத்தில் பிரசவ அறையில் எல்லோருடைய கவனமும் தாயின் மீதே இருக்கும். குழந்தை மாதம் நிரம்பாமல் பிறந்தாலோ, மூச்சு விடாமல் நீலம் பாரித்துக் கிடந்தாலோ, பிழைக்காது என்று ஒதுக்கி விடுவதும் உண்டு. அவற்றில் காப்பாற்றக் கூடிய குழந்தைகளும் இருந்தன. இதுதான் அப்காரை வருத்தியது.

பிறந்த குழந்தையின் நிலையை எப்படி அறிவது என்று ஒரு மாணவர் அவரிடம் கேட்டார். அப்கார் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து ஐந்து விஷயங்களை எழுதினார் என்று சொல்வார்கள்.

இதயத் துடிப்பு, மூச்சு, கை கால்களின் முறுக்கு, தூண்டினால் சிணுங்குகிறதா என்பது, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க். மொத்தம் 10.

இந்த முறையை அவர் 1952-ல் டாக்டர்கள் மாநாட்டில் விளக்கினார். 1953-ல் அது அச்சில் வெளிவந்தது. கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கண்ணும் காதும் கையும் போதும். ஆனால் மார்க் போடவேண்டும் என்றால் குழந்தையைப் பார்த்தே ஆகவேண்டும். 3-க்குக் கீழே எழுதிய பிறகு யாராலும் சும்மா இருக்க முடியாது!

ஒரு நிமிடத்தில் போட்ட மார்க்கை ஐந்தாவது நிமிடத்தில் மீண்டும் போடும் வழக்கமும் வந்தது. சிகிச்சை பலித்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.

தன் மருந்தையே கைவிட்டார்

பிரசவத்தின்போது தாய்க்குக் கொடுக்கும் மயக்க மருந்து குழந்தையைத் தாக்குகிறதா என்றும் அப்கார் தம் சகாக்களுடன் ஆராய்ந்தார். சைக்ளோபுரோப்பேன் வாயு குழந்தைகளைச் சோர்வடையச் செய்வது தெரிய வந்தது. அதுவோ அப்காருக்கு மிகவும் பிடித்த மருந்து. இருந்தும் அதைப் பிரசவத்தில் கைவிட்டார்.

1959 முதல் மார்ச் ஆப் டைம்ஸ் என்ற சங்கத்தில் சேர்ந்து, பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கவும், குறைமாதப் பிரசவங்களைக் குறைக்கவும் ஊர் ஊராகச் சென்று பேசினார். 1974-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, 65-வது வயதில் காலமானார்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மார்க் அறிவுக்கு அல்ல. பிற்கால வாழ்வுக்கும் அல்ல. நல்ல குழந்தைக்கும் முதல் நிமிடத்தில் கையும் காலும் நீலமாக இருக்கும். ஆகவே 10 கிடைக்கவில்லையே என்று கலங்க வேண்டாம். மூச்சுத் திணறும் குழந்தைக்கு, மார்க் போடும் வரை காத்திராமல் டாக்டர்கள் உடனே சிகிச்சையைத் தொடங்கிவிடுகிறார்கள். கவனிப்பாரற்றுக் கிடந்த குழந்தையின் பக்கம் டாக்டர்களின் பார்வையைத் திருப்பியவர் அப்கார் அம்மையார்தான்.