துளைகளுக்கு இடையே அரை அங்குலம்

மாதிரிக் கார் கட்டுவோருக்கு, பெட்டியில் வரும் பாகங்கள் கொஞ்ச நாளிலேயே போதாமல் போய்விடும். 1:24 அளவில் ஒரு காரைக் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான காரில் ஸ்பார்க் பிளக்குக்குச் செல்லும் வயரின் தடிப்பு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். அதை 24ஆல் வகுத்தால் 0.3 மில்லிமீட்டர்கூட வராது. அவ்வளவு மெல்லிய பாகத்தைப் பிளாஸ்டிக்கில் வார்ப்பது கடினம் என்பதால், பெரும்பாலான பெட்டிகளில் அந்த வயரே இருக்காது. வேண்டுமென்றால் நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். பழைய இயர்ஃபோனைப் பிரித்து உள்ளிருக்கும் மெல்லிய கம்பியை எடுப்போம். கதவுக் கைப்பிடிக்குப் பித்தளைக் கம்பியை வளைத்து அரத்தால் ராவுவோம்.

இப்படிக் கிடைத்த பொருளைக் கொண்டு புதிதாகவே ஒரு பாகத்தை உருவாக்குவதை ‘ஸ்க்ராட்ச் பில்டிங்’ என்பார்கள். பொறியியல் படிக்கும் எனக்கு இதுவே வார இறுதிப் பொழுதுபோக்கு. ஒரு கைப்பிடிக்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும். அது அந்த ஒரு காருக்குத்தான் பொருந்தும். அடுத்த காருக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதே சிக்கலை 120 ஆண்டுகளுக்கு முன்பே சந்தித்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. ஹார்ன்பி ரயில், மெக்கானோ, டிங்கி டாய்ஸ் என்ற மூன்று பெயர்களில் ஒன்றையாவது உங்கள் தாத்தாவோ அப்பாவோ கேள்விப்பட்டிருப்பார். மூன்றுக்கும் மூலவர் அவரே. ஆனால் அவர் பொறியாளர் அல்லர்.

ஹார்ன்பி 1863ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை உணவுப்பொருள் வணிகர். 16 வயதில் பள்ளியை விட்ட ஃபிராங்க், தந்தையின் கடையிலேயே காசாளராக வேலைக்குச் சேர்ந்தார். பல்கலைக்கழகப் படிப்பும் இல்லை, பட்டறைப் பயிற்சியும் இல்லை. எளிய நிலையிலிருந்து உயர்ந்த கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய நூல் அவரைக் கவர்ந்தது. அதனால் உந்தப்பட்டு, நிற்காமல் தானே இயங்கும் இயந்திரம் ஒன்றைச் செய்யவும் முயன்றார். இயற்பியல் படித்த எவருக்கும் அது ஏன் நடக்காது என்று தெரியும். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை.

1887ல் கிளாரா என்னும் ஆசிரியையை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என இரண்டு மகன்களும் பட்ரீஷியா என்ற மகளும் பிறந்தனர். 1899ல் தந்தை இறந்தார். கடை மூடப்பட்டது. டேவிட் ஹியூ எலியட் என்பவரின் இறைச்சி இறக்குமதி நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை ஹார்ன்பிக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு 36 வயது.

அந்தக் காலகட்டத்தில்தான் மகன்களுக்காக வீட்டிலேயே விளையாட்டுப் பொருள்கள் செய்யத் தொடங்கினார். உலோகத் தகட்டை வெட்டிப் பாலம், வண்டி, பாரந்தூக்கி என ஒவ்வொன்றாகச் செய்தார். ஆனால் பாரந்தூக்கிக்காக வெட்டிய துண்டு பாலத்துக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. பகலெல்லாம் கணக்கு எழுதிவிட்டு இரவில் தகடு வெட்டும் ஒருவருக்கு இது எவ்வளவு சலிப்பைத் தந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது.

அந்தச் சிக்கலுக்கு அவர் கண்ட தீர்வு மிக எளிமையானது. அரை அங்குல அகலத்தில் செப்புத் தகட்டை நீண்ட பட்டைகளாக வெட்டினார். அந்தப் பட்டைகளில் அரை அங்குலத்துக்கு ஒன்றாகத் துளைகள் இட்டார். எல்லாப் பட்டைகளிலும் துளைகளுக்கு இடையே ஒரே தூரம். எனவே எந்தப் பட்டையையும் எந்தப் பட்டையோடும் போல்ட், நட் கொண்டு இணைக்கலாம். வேண்டாதபோது கழற்றி வேறொன்று கட்டலாம்.

இன்னொன்றும் உண்டு. அதே துளைக்குள் ஓர் அச்சுக் கம்பியை நுழைத்தால் அது அங்கே சுழலும். இணைப்பதற்காக இட்ட துளையே சக்கரத்தின் அச்சைத் தாங்கவும் பயன்பட்டது. அதனால் அசையாத பாலம் மட்டுமன்றி, கப்பியும் சக்கரமும் சுழலும் பாரந்தூக்கியையும் அதே பட்டைகளைக் கொண்டு கட்ட முடிந்தது. தொடக்கத்தில் போல்ட்டையும் நட்டையும்கூட அவரே கையால் செய்தார்.

காப்புரிமை பெற வேண்டும். கையில் பணமில்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுண்டு கடன் வாங்கி, 1901 ஜனவரியில் விண்ணப்பித்தார். அவருடைய முயற்சியில் எதிர்காலம் இருப்பதைக் கண்ட எலியட், அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்துப் பங்காளியாகவும் சேர்ந்துகொண்டார். 1902ல் ‘மெக்கானிக்ஸ் மேட் ஈஸி’ என்ற பெயரில் முதல் பெட்டிகள் விற்பனைக்கு வந்தன. ஒரு பெட்டியில் 16 வகைப் பாகங்களும் 12 மாதிரிகளைக் கட்டும் வழிமுறையும் இருந்தன. லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியின் பொறியியல் பேராசிரியர் ஹீலி-ஷா அதைப் பாராட்டிப் பரிந்துரைத்தார்.

பாராட்டு வந்தது, லாபம் வரவில்லை. 1903ல் 1,500 பெட்டிகள் விற்றும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1906ல்தான் சிறு லாபம் கண்டது. பாகங்களைச் செய்து கொடுத்தவர்களால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் போகவே, சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்குவதா, உள்ளதை வைத்துச் சமாளிப்பதா என்ற கேள்வி எழுந்தது. 1907ல் ஹார்ன்பி கணக்கர் வேலையை விட்டார். அப்போது வயது 44. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மாதச் சம்பளத்தை விடுவது எளிதன்று. லிவர்பூலின் டியூக் சாலையில் இடம் பிடித்து உற்பத்தியைத் தொடங்கினார். அதே ஆண்டில் ‘மெக்கானோ’ என்ற பெயர் பதிவானது.

அதன்பின் வளர்ச்சி வேகம் பிடித்தது. 1914ல் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை, 1916ல் ‘மெக்கானோ மேகஸின்’ என்ற இதழ், 1920ல் சாவி கொடுத்தால் ஓடும் ஹார்ன்பி ரயில்கள். 1931ல் எவர்ட்டன் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் சென்றார்.

மாதிரிக் கார் ஆர்வலர்களுக்கு ஹார்ன்பி நெருக்கமாவது இங்கேதான். ரயில் பாதைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைக்க வண்டிகள் வேண்டுமென்று அவருடைய நிறுவனம் சிறிய வார்ப்பு வாகனங்களைச் செய்தது. விளையாட்டுக் கார், சரக்கு வண்டி, டிராக்டர், பீரங்கி வண்டி உள்ளிட்ட ஆறு வாகனங்கள் கொண்ட முதல் தொகுப்பு 1933ன் இறுதியில் வந்தது. அடுத்த ஆண்டு அவற்றுக்கு ‘டிங்கி டாய்ஸ்’ என்று பெயரிட்டார்கள். இன்று சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் 1:43 என்னும் விசித்திரமான அளவுக்கும் ரயிலே காரணம். பிரிட்டனில் ‘ஓ’ வகை மாதிரி ரயிலில் ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர் என்பது கணக்கு. ஓர் அடி 304.8 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், 43.5 வரும்.

டிங்கி கார்களின் உலோகத்துக்கு ஒரு சோகக் கதை உண்டு. துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற பிற உலோகங்கள் சிறிதளவு கலந்துவிட்டால், ஆண்டுகள் செல்லச் செல்ல வார்ப்பு வெடித்து உதிரும். 1930களின் கார்கள் பல இப்படிக் கண்ணாடிப் பேழைக்குள்ளேயே பொடியாகியிருக்கின்றன. ஆனால் துளையிட்ட மெக்கானோ பட்டைகளில் பல இன்னும் உறுதியாக இருக்கின்றன.

ஹார்ன்பியை முழுவதுமாகப் போற்ற எனக்கு ஒரு தடை இருக்கிறது. மெக்கானோ விளம்பரங்கள் சிறுவர்களை நோக்கியே பேசின. பெட்டியின் மேல் இருந்த படங்களிலும் சிறுவர்களே இருந்தார்கள். பின்ஸ் சாலைத் தொழிற்சாலையிலோ அந்தப் பாகங்களைச் செய்து பெட்டிகளில் அடுக்கியவர்களில் ஏராளமானோர் பெண்கள். பொறியியல் வகுப்பில் இருக்கும் பெண்களில் ஒருத்தியாக, இதை என்னால் கடந்துபோக முடியவில்லை. எந்தப் பட்டையும் எந்தப் பட்டையோடும் பொருந்தும் என்று கண்டவருக்கு, அதைக் கையில் எடுப்பவர் யாராகவும் இருக்கலாம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பட்டைகள் விளையாட்டோடு நின்றுவிடவில்லை. 1934ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற அறிஞர், தம் மாணவர் ஆர்தர் போர்ட்டருடன் சேர்ந்து ஒரு கணக்கீட்டு இயந்திரத்தை உருவாக்கினார். வகைக்கெழுச் சமன்பாடுகளுக்குத் தீர்வு காணும் இயந்திரம் அது. அதன் பாகங்களில் பெரும்பாலானவை மெக்கானோ. பள்ளிப் பிள்ளைகளின் பெட்டியில் இருந்த அதே சக்கரங்களும் அச்சுகளும் அணு இயற்பியல் தொடர்பான கணக்குகளைப் போட்டன. மின்னணுக் கணினிகள் இன்னும் வந்திராத காலம் அது.

1936 செப்டம்பர் 21ஆம் தேதி, 73 வயதில், லிவர்பூலை அடுத்த மேகல் என்ற ஊரில் ஹார்ன்பி காலமானார். வெளிநாடுகளிலும் தொழிற்சாலைகள் கொண்ட பெருஞ்செல்வராக மறைந்தார்.

அவரைப் பற்றிப் படித்தபிறகு, பாகம் செய்யும்போது என் பழக்கம் ஒன்று மாறியிருக்கிறது. கம்பியை வளைக்கும் முன், வளைப்பதற்கான அச்சு ஒன்றை முதலில் செய்துகொள்கிறேன். ஒரு மரத்துண்டில் சரியான இடைவெளியில் இரண்டு ஆணிகள், அவ்வளவுதான். அதில் வளைத்தால் நான்கு கதவுகளுக்கும் ஒரே மாதிரியான கைப்பிடி கிடைக்கும். அடுத்த காருக்கும் அதையே எடுத்துக்கொள்ளலாம். உங்களில் யாரேனும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்க நினைத்தால், விலை உயர்ந்த கருவிகளை வாங்கும் முன் ஓர் அளவுகோலும் நல்ல அரம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பாகத்தைச் செய்ய அவை போதும்.